ஓரடிப் பயிற்சியும் பொய்க் குத்தும்

கொரியா தேசத்துப் போர் வித்தையாகிய டேக்வாண்டோவை இன்று உலகின் பல பாகங்களிலும் சிறுவரும் பெரியவரும் பயின்று வருகின்றனர். அதன் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாகிய ஓரடிப் பயிற்சியைக் குறித்து அவ்வித்தை பயில்வோரிடையே ஒரு விவாதம் இருந்து வருகிறது. அது வெறும் நாட்டியம், சண்டைக்கு உதவாதது, ஆகையால் அதைப் பாடத்திலிருந்தே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருகிறவனையும் நேரே சுயேச்சைச் சண்டையில் இறக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. முன்னோர் ஏற்படுத்தியதை இம்மியளவும் மாற்றலாகாது, ஏனென்று கேட்பதே ஒழுக்கக் குறைவு என்பது எதிர்க்கட்சி. இரு திறத்தாரும் சொல்வதைக் கேட்ட பின்னரும், நாமே வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு சில மாதங்கள் அப்பயிற்சியில் அடிபட்ட பின்னரும், இரண்டு கட்சியிலும் சேர நமக்கு மனமில்லை. பயிற்சியில் குற்றமில்லை. அதைச் செய்யும் இருவரில் ஒருவர் தம் கடமையைச் சரிவரச் செய்யாமலிருப்பதே குற்றம். அவ்வொருவர் தடுக்கிறவரல்லர், குத்துகிறவர்.

இவ்வித்தையை அறியாத வாசகர்களுக்காக அப்பயிற்சி இன்னதென்று முதலிற் கூறுவோம். இருவர் எதிரெதிராக நிற்கின்றனர். ஆசிரியர் "சாரியொத்" என்றதும் நிமிர்ந்து, "கியொங்னெ" என்றதும் ஒருவரையொருவர் வணங்கி, "ஜுன்பி" என்றதும் ஆயத்த நிலையில் நிற்கின்றனர். பிறகு தாக்குகிறவர் வலது காலைப் பின்னுக்கு வைத்து, முன் முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டி, இடது கையால் கீழ்த் தடுப்புக் காட்டி, உரக்கக் குரல் கொடுக்கிறார். "வரப் போகிறேன்" என்பது அக்குரலின் பொருள். எதிரில் நிற்பவரும் குரல் கொடுக்கிறார். "வரலாம்" என்பது அதன் பொருள். அதன் பின்னரே தாக்குகிறவர் வலது காலை ஓரடி முன்வைத்து, வலது முஷ்டியால் முகத்தையோ மார்பையோ நோக்கி ஒரு குத்துக் குத்துகிறார். ஒன்றுக்கு மேலில்லை. மற்றவர் விலகியோ பின்வாங்கியோ அதைத் தடுத்து, உடனே கையாலோ காலாலோ பதிலடி கொடுக்கிறார். அந்தப் பதிலடி எதிராளியின் தேகத்தைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பாக நின்றுவிட வேண்டும். பிறகு இருவரும் பழைய நிலைக்குத் திரும்பி, குத்தினவர் தடுக்கவும் தடுத்தவர் குத்தவும் ஆயத்தமாகின்றனர். பள்ளிக்குப் பள்ளி விவரங்களில் வித்தியாசம் உண்டு, சாரம் இவ்வளவே.

கொரிய பாஷையில் இதற்குப் பெயரும் ஒன்றல்ல. ஸியோல் நகரில் 1972-ல் திறக்கப்பெற்ற குக்கிவொன் என்னும் தலைமைப் பீடத்தைப் பின்பற்றுவோர் ஹன்பொன் கியொருகி என்பர். ஒரு முறை மோதுதல் என்று பொருள்படும். 1966-ல் தோன்றிய சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனத்தைச் சேர்ந்தோர் இல்போ மத்ஸொகி என்பர்; ஓரடியில் எதிர்நிற்றல் என்று கொள்ளலாம். நமது பாஷையில் அடி என்ற ஒரே சொல் காலால் வைப்பதையும் கையால் கொடுப்பதையும் குறிக்கிறபடியால், ஓரடி என்று சொல்லிவிட்டால் இரண்டு பெயரும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. கொரியர்களுக்கே இல்லாத இந்த வசதி நமக்கு வாய்த்திருப்பது குறித்துச் சிறிது கர்வம் கொள்வதை வாசகர்கள் மன்னிப்பார்களாக.

இப்பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லச் சிலர் கூசுகிறார்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் கிடந்தது. 1940-ல் கொரியர்கள் தங்கள் குடும்பப் பெயர்களைக்கூட ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள் என்றால், அவ்வாட்சியின் தன்மையை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் கல்வியின் பொருட்டு ஜப்பானுக்குச் சென்ற கொரிய வாலிபர்களிற் சிலர், 1922-ல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தே கற்பித்துக்கொண்டிருந்த ஃபுனகோஷி கிச்சினிடம் மாணாக்கராயினர். அவர்களில் ஒருவரான லீ வொன் குக் என்பவர் 1944-ல் ஸியோலில் சுங் தோ க்வான் என்ற பள்ளியைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இத்தகைய பள்ளிகள் பல எழுந்தன. 1955-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி, படைத் தலைவராகிய சோய் ஹோங் ஹி முன்வைத்த டேக்வாண்டோ என்ற பெயர் ஏற்கப்பட்டது. இடையில் 1961-ல் டேஸுடோ என்று பெயர் மாறி, 1965-ல் மறுபடியும் டேக்வாண்டோவாயிற்று. ஜப்பானியரிடமிருந்து வந்த தனிப் பயிற்சி வரிசைகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டேகுக் என்ற எட்டு வரிசைகள் புதிதாக வகுக்கப்பட்டன. இவ்வளவு மாறியும் மாறாமல் நின்றவற்றுள் ஒன்று, ஜப்பானியர் இப்போன் குமிதே என்றழைத்த அதே ஓரடிப் பயிற்சி.

பழைய காலாட்டக் கலையாகிய தேக்கியொன் கொரியர்களுடைய சொந்தச் சொத்து, அதை மறுப்பாரில்லை. ஆயினும் ஓரடிப் பயிற்சி அவ்வழி வந்ததன்று. இதை ஒப்புக்கொள்வதால் கொரியாவின் கௌரவத்துக்கு என்ன குறைவு வந்துவிடும்? தன் பெயரையே பறிக்கப் பார்த்த ஓர் அரசாங்கத்தின் நாட்டில் கற்றதை, விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் தனதாக்கி, தன் உதைகளை அதிற் கலந்து, 2000-ல் ஸிட்னி ஒலிம்பிக் பந்தயத்திலேயே பதக்கத்துக்குரிய வித்தையாக்கி விட்டது அந்த ஜாதி. ஈராயிரம் வருஷப் பழமை என்று கதை கட்டுவதைக் காட்டிலும் இந்த ஐம்பது வருஷச் சரித்திரமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி, ஆட்சேபத்துக்கு வருவோம். அது அற்பமானதன்று. ஒலிம்பிக் போட்டியில் முகத்தில் குத்துவதற்கு அனுமதியில்லை. மார்புக் கவசத்தின் மேல் குத்தினால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. வெற்றி தோல்வியெல்லாம் பெரும்பாலும் கால்களில் இருக்கிறது. அப்படியிருக்க, முகத்தில் வரும் குத்தைத் தடுக்க மாதக்கணக்காகப் பழகுவது எதற்கு என்று கேட்கின்றனர். தெருவிற் சண்டைக்கு வருகிறவன் காலைப் பின்னுக்கு வைத்துக் குரல் கொடுத்துவிட்டா வருவான் என்றும் கேட்கின்றனர். குத்தினவன் நீட்டிய கையை மடக்காமல் மரம்போல் நிற்க, மற்றவன் தடுத்து, வெட்டி, உதைத்து, மடக்கி, கீழே தள்ளி ஐந்து வித்தைகள் காட்டுவதைக் கண்டு நகைக்கின்றனர். இந்தக் கடைசி நகைப்பில் நாமும் சேர்ந்துகொள்ளத் தடையில்லை. அது உண்மையிலேயே நகைக்கத் தக்கது.

ஆனால் முதல் இரண்டு கேள்விகளும் பயிற்சியின் நோக்கத்தை அறியாமல் கேட்கப்படுபவை. கண்ணுக்குப் புலப்பட்ட ஒன்றுக்கு மனிதனுடைய கை அசைவதற்கு, இன்னது வருமென்று முன்னமே தெரிந்திருக்கும்போதுகூட, ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு காலம் செல்கிறது. வரக்கூடியவை பலவாக இருந்து, அவற்றுள் இன்னதென்று தெரிந்து பதில் செய்ய வேண்டுமானால் காலம் இன்னும் நீளுகிறது. வகைகள் பெருகப் பெருக அது எந்தக் கணக்கில் நீளுகிறது என்பதை ஹிக் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1952-ல் பரிசோதித்து வெளியிட்டார். புதிதாகச் சேர்ந்தவனை நேரே சுயேச்சைச் சண்டையில் விட்டால் என்ன நடக்கிறதென்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இடது காலா, வலது காலா, கையா, தலைக்கா, வயிற்றுக்கா என்று அவன் மூளை தேடிக்கொண்டிருக்கும்போதே அடி விழுந்து விடுகிறது. இரண்டு வாரத்தில் அவன் கற்பது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு பின்னால் ஓடுவது. பிறகு அப்பழக்கத்தை எடுப்பதற்கு இரண்டு வருஷமாகிறது.

ஓரடிப் பயிற்சி அத்தனை வகைகளையும் வெட்டி ஒன்றாக்கி விடுகிறது. வருவது வலது கைக் குத்து, வேறில்லை. ஆகையால் மூளைக்குத் தேடும் வேலையில்லை. கண்ணுக்குப் பார்க்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. எதிராளியின் தோள் எப்போது அசைகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, முன்வைத்த கால் தரையில் பதிவதற்கும் முஷ்டி வந்து சேர்வதற்கும் இடையே எவ்வளவு காலமிருக்கிறது, அவர் கையின் நீளமென்ன, நாம் எவ்வளவு விலகினால் அது நம்மைத் தொடாது, அதே சமயத்தில் நம் கை அவரைத் தொடும் என்பதையெல்லாம் பதறாமல் பார்த்துக் கற்க இதைப் போன்ற சந்தர்ப்பம் வேறு கிடையாது. தூரமும் காலமும் அறிவதே இதன் பாடம். முகத்தில் குத்துவது ஒரு சாக்கு. போட்டியில் முகத்துக்கு வருவது காலாக இருந்தாலும், அதை அளப்பது இதே கண்தான்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின்பேரில். வருகிற குத்து மெய்யான குத்தாக இருக்க வேண்டும்.

இதைப் புஸ்தகத்தில் படித்து நாம் எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் இப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது நமக்கு முதல் ஜோடியாக வாய்த்தவள் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி. நீல பெல்ட் அணிந்தவள். குழந்தை முகத்துக்கு நேரே முஷ்டியை ஓங்க நமக்கு மனம் வரவில்லை. ஆகையால் பெரிய சத்தம் போட்டு, பெரிய அடி வைத்து, அவள் மூக்குக்கு ஒரு சாண் இப்பால் கையை நிறுத்திக்கொண்டோம். மூன்று தரம் பொறுத்திருந்தாள். நான்காவது தரம் தடுக்காமலே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஸார், உங்கள் கை என்னிடம் வரவேயில்லை. நான் தடுத்தாலும் ஒன்றுதான், தடுக்காவிட்டாலும் ஒன்றுதான். நான் எதைப் பழகுவது?" என்றாள். நாம் அதைச் சிறுபிள்ளையின் துடுக்குத்தனமென்று எண்ணிச் சிரித்துவிட்டோம்.

பிறகு நம் வயதையொத்த நண்பர் ஒருவர் ஜோடியானார். மிகவும் மரியாதைப்பட்டவர். அவரும் ஒரு சாண் இப்பால் நிறுத்துவார், நாமும் அவ்வாறே. சில குத்துகள் எட்டாததுடன், காதுக்கு வெளியே நான்கு விரல் ஒதுங்கியும் போகும். ஒன்றரை மாதம் இவ்விதம் சௌக்கியமாகக் கழிந்தது. நமக்குத் தடுப்பு நன்றாக வந்துவிட்டதென்று இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். ஒரு நாள் ஆசிரியர் ஜோடிகளை மாற்றி, கல்லூரி மாணவர் ஒருவரை நம்முன் நிறுத்தினார். அவர் குரல் கொடுத்தார், நாமும் கொடுத்தோம். அடுத்த கணம் நம் உதடு கிழிந்து தோபோக்கின் மார்பில் இரத்தம் சொட்டியது.

நமக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. பயிற்சிக்கு வந்த இடத்தில் இப்படியும் முரட்டுத்தனமுண்டா என்று உரக்கவே கேட்டுவிட்டோம். அந்த வாலிபர் கண் கலங்கித் தலைகுனிந்து நின்றார். ஆசிரியர் பஞ்சும் ஐஸும் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவரை அதே குத்தை மெதுவாகக் குத்தச் சொன்னார். நம்மை அசையாமல் நிற்கச் சொன்னார். முஷ்டி வந்து நம் உதட்டுக்கு ஒரு நூல் முன்பாக நின்றது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றது. பிறகு நம்மைத் தடுக்கச் சொன்னார். தடுத்தோம்; தடுக்கையில் நம் தலை முன்னுக்குச் சாய்ந்தது. அப்போதுதான் நமக்கே விளங்கிற்று. ஒன்றரை மாதமாக எட்டாத குத்துகளைத் தடுத்துத் தடுத்து, வராத கையைச் சந்திப்பதற்காக நாமே முன்சாய்ந்து போய் எட்டிப் பிடிக்கப் பழகியிருந்தோம். மெய்யான குத்து வந்தபோது நம் முகத்தை நாமே கொண்டுபோய் அதன்மேல் வைத்தோம். நம் உதட்டைக் கிழித்தது அந்த வாலிபரின் கையல்ல. மரியாதைப்பட்ட நண்பரும் நாமும் கூடிச் செய்த பொய்.

அந்த வாலிபரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். நீல பெல்ட் பெண்ணிடம் கேட்பதற்குத்தான் இரண்டு வாரமாயிற்று.

குத்துகிறவர் தம்மைத் தடுக்கிறவருக்கு ஒரு கருவியென்று எண்ணிக்கொள்கிறார். அன்று. அவருக்கும் அதில் பாடம் உண்டு. நமது அபிப்பிராயத்தில் கடினமான பாடம் அவருடையதே. முழு வேகத்துடன் முஷ்டியை விடவேண்டும். விட்ட முஷ்டி இலக்கை அடைய வேண்டும். எதிராளி விலகத் தவறினால் தோலுக்கு முன் நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அபூர்வம். எட்டாமல் குத்துவது எளிது. கண்மூடித்தனமாக இடிப்பதும் எளிது. அவ்விரண்டாவது வகையினரும் பயிற்சிக் கூடங்களில் இல்லாமலில்லை. புதிதாக வந்தவனிடம் தம் பலத்தைக் காட்டி மகிழ்பவர்கள். அவர்களை ஆசிரியர்கள் கண்டவுடனே வரிசையிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். இதில் தாக்ஷண்யத்துக்கு இடமேயில்லை. ஆனால் முரடனைக் கண்டிக்க நூறு பேர் இருக்கிறார்கள். தயாளனாகிய பொய்யனைக் கண்டிப்பவர் ஒருவருமில்லை. அவனைப் பார்ப்பவர்கள் நல்ல மனிதன் என்கிறார்கள்.

சுயேச்சைச் சண்டையே போதுமென்போர், ஓரடிப் பயிற்சி செத்துப்போன வித்தையென்று கூறுவதன் காரணமும் இதுதான். அவர்கள் பார்த்தது பொய்க் குத்தை. பொய்க் குத்துக்குச் செய்யும் தடுப்பும் பொய். அதன்மேல் அடுக்கும் ஐந்து வித்தைகளும் பொய்யின்மேல் கட்டிய மெத்தைகள். அவர்கள் கண்டது வாஸ்தவம். அதிலிருந்து செய்த முடிவுதான் தவறு. வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் எண்ணெய் இருக்கிறதாவென்று பார்ப்பது வழக்கம். விளக்கைத் தெருவில் எறிவது வழக்கமன்று.

பழமையைக் காப்போருக்கும் ஒரு வார்த்தை. ஒரே வலது கைக் குத்தை வெள்ளை பெல்டிலிருந்து கறுப்பு பெல்ட் வரையில் அதே விதமாகக் குத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மூன்றடி, ஓரடி என்று குறுகி வந்த பயிற்சி அதன்பின் விரிய வேண்டும். எந்தக் கையால் குத்துவதென்பதைக் குத்துகிறவரே தீர்மானிக்கட்டும். பிறகு கையா காலா என்பதையும். பிறகு குரல் கொடுப்பதையும் நிறுத்தட்டும். குத்திய கையை உடனே மடக்கிக்கொள்ளட்டும். இவ்வாறு ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு என்று வகைகளைக் கூட்டிக்கொண்டே போனால், சுயேச்சைச் சண்டை வாசற்படியிலேயே வந்து நிற்கும். மாணாக்கன் அதற்குள் குதிக்க வேண்டியதில்லை, நடந்தே போகலாம். இவ்விதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இல்லாமலில்லை. அவர்கள் எண்ணிக்கை பெருக வேண்டுமென்பதே நம் விருப்பம்.

சென்ற மாதம் பெல்ட் பரீக்ஷையொன்றை முழுநேரமும் உட்கார்ந்து பார்த்தோம். மேஜைக்குப் பின்னாலிருந்த பரீக்ஷகர்கள் மூவரும் ஒவ்வொரு ஜோடியிலும் தடுக்கிறவரையே பார்த்தார்கள். அவருடைய நிலை சரியா, கை உயரம் சரியா, பதிலடி சுத்தமா என்று குறித்துக்கொண்டார்கள். குத்துகிறவர் பக்கம் ஒருவர் கண்ணும் திரும்பவில்லை. அவருக்கு மார்க்குமில்லை. தம் சிநேகிதன் தேறவேண்டுமென்ற நல்லெண்ணத்தால் பிள்ளைகள் பரீக்ஷையன்று வழக்கத்தைவிட இன்னும் ஒரு சாண் இப்பாலேயே குத்தினார்கள். எல்லோரும் தேறினார்கள். பெற்றோர் கைதட்டினார்கள்.

ஓரடிப் பயிற்சிக்குரிய மார்க்கில் பாதியைக் குத்துகிறவருக்கு ஒதுக்க வேண்டுமென்று இவ்வித்தையைக் கற்பிக்கும் ஆசிரியர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம். தடுக்கிறவரை அசையாமல் நிற்கச் சொல்லி, ஒரு குத்து மட்டும் மெதுவாகக் குத்தச் செய்து பார்த்தாலே எட்டுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். எட்டாவிட்டால் அந்த ஜோடியை மறுபடியும் செய்யச் சொல்லலாம். ஒரு ஜோடிக்கு இதனால் ஆகும் அதிகக் காலம் அரை நிமிஷம். பரீக்ஷகர்கள் இதைக் கவனிப்பார்களென நம்புகிறோம்.